கை தூக்கினால் போதும்

அந்த வீட்டில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று சோறு போட்டது, இன்னொன்று பசியைக் கிளப்பியது. சோறு போட்டது தையல் மெஷின். அதில் அந்த வீட்டுக்காரி ஊருக்கெல்லாம் திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள். மற்றது நின்ற இடத்திலேயே ஓடுவதற்கான மெஷின். கணவர் தொப்பையைக் கரைக்கிறேன் பேர்வழி என்று வாங்கி வந்து, பத்து நாள் குதித்துவிட்டு, அப்புறம் அதில் ஈரத்துண்டைக் காயப்போட்டார். ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் அவரைச் சாய்த்துவிட்டது. வலப்பக்கம் போயிற்று, பேச்சு குழறியது.

துண்டை எடுத்துவிட்டு அவள் அதில் ஏறியது வெறும் ஆத்திரத்தில்தான். அவரை விட்டுவிட்டு வெளியே போக முடியாது. வீட்டுக்குள் அழவும் முடியாது, அவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஓடினால் மூச்சிரைப்பில் அழுகை தெரியாது. அப்படி ஒட்டிக்கொண்ட பைத்தியம் அவளை விடவில்லை. திரை தைக்கக் கொடுக்க வந்த டீச்சர் ஒருத்தி, மாரத்தான் ஓடுகிறவள், இவள் ஓடுவதைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அக்கா, நீங்க சும்மா ஓடலை. மாரத்தானுக்குப் பேர் குடுங்க."

"வாசலைத் தாண்ட முடியாதவ எங்க போய் ஓடறது?"

"வாரத்துல நாலு நாள் இதுலயே ஓடுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் மலை ஏறி இறங்குங்க. ஓட வேணாம், நடந்தா போதும். மெஷின் மூச்சைக் குடுக்கும், மலை தொடைக்கு பலம் குடுக்கும். இறக்கம்தான் முக்கியம். இதுல ஏத்தம் வெச்சுக்கலாம், இறக்கத்துக்கு எங்க போவீங்க?"

அப்படியே செய்தாள். ஞாயிறு காலை நாத்தனார் வந்து அண்ணனுக்குக் காவல் இருப்பாள். இவள் ஊருக்குப் பின்னாலிருந்த மொட்டை மலைக்குப் போவாள். ஏறும்போது உயிர் போகும், இறங்கும்போது முட்டி போகும். வீடு திரும்பும்போது அந்தக் கருத்துப்போன முகத்தில் கல்யாணப் பெண்ணின் களை இருக்கும். மற்ற நாட்களில் மெஷின். அது போடும் சத்தத்தில் அவர் குழறுவது கேட்காது என்பதால், கட்டிலுக்கு நேர் எதிரே திருப்பி வைத்தாள்.

"ஏங்க, எது வேணும்னாலும் இடது கையைத் தூக்குங்க. கை தூக்கினா போதும், இறங்கிடறேன்."

அவர் தலையாட்டினார். மாதக்கணக்கில் ஒரு தடவைகூட அந்தக் கை எழவில்லை. அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் ஓடுவாள், கைப்பிடியில் மாட்டிய பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடிப்பாள், மறுபடி ஓடுவாள். தெருவில் பீற்றிக்கொள்ளவும் செய்தாள்: "எங்க வீட்டுக்காரர் தங்கம். நான் ஓடி முடிக்கிற வரைக்கும் ஒரு தொந்தரவு கிடையாது." பாவி, தொந்தரவே இல்லாத நோயாளி உலகத்தில் உண்டா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

பந்தயத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அவருக்கு உடம்பைத் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கிட்னி ரெண்டும் கெட்டுப்போச்சும்மா. மூத்திரத்துல கிருமி ரொம்ப நாளா இருந்திருக்கு. தண்ணி எவ்வளவு குடிப்பார்?"

அவளுக்குத் தெரியவில்லை. தான் எப்போது குடிக்கவேண்டும், எத்தனை மிடறு என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவருக்கு டம்ளரில் ஊற்றி வைத்ததோடு சரி. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனதைப் பார்த்திருந்தாள். வெயில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெளியே சுவரில் சாய்ந்து நாத்தனார் அழுதாள்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை அண்ணன் ஒரு வாய் தண்ணி தொட மாட்டார், தங்கச்சிகிட்ட ஒண்ணுக்குன்னு கேக்க வெக்கம். நீங்க ஓடற நாள்லயும் அப்படித்தானாம். நடுவுல ஒண்ணுக்கு வந்தா நீங்க இறங்கணுமேன்னு விடிஞ்சதுலேருந்து குடிக்க மாட்டாராம். வந்தாலும் அடக்கிக்குவாராம். உங்ககிட்ட சொன்னா ஓடறதையே விட்டுடுவீங்கன்னு என் தலைல கை வெச்சு சத்தியம் வாங்கிட்டார்."

வாரத்துக்கு மூன்று தடவை ரத்தத்தைச் சுத்தம் செய்ய அழைத்துப் போகவேண்டியதாயிற்று. தண்ணீருக்கும் அளவு வந்தது, நாளைக்கு இரண்டே டம்ளர். எவ்வளவு வேண்டுமானாலும் குடித்திருக்கலாம் என்ற காலத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர், குடிக்கக்கூடாது என்றானபின் உதடு வெடித்துத் தாகத்தில் கிடந்தார்.

அவள் ஓடும் மெஷினில் பழையபடி துண்டைக் காயப்போட்டாள். அதைப் பார்த்து, முதல்முறையாக, அவருடைய இடது கை எழுந்தது.

ஓடி வந்தாள். "என்னங்க, தண்ணியா? இன்னிக்கு அளவு முடிஞ்சுதேங்க."

அவர் மெஷினைக் காட்டினார். "துண்ட... எடு."

"நான் இனிமே ஓடலைங்க."

"அப்ப நான்... எதுக்கு அடக்கினேன்?"

துண்டை எடுத்தாள், பாட்டிலை மாட்டினாள், ஏறினாள். நாலு எட்டு வைப்பதற்குள் கை மறுபடி எழுந்தது. குதித்து இறங்கினாள்.

"அந்த பாட்டில மட்டும்... உள்ள வெச்சுட்டு வா. பாக்க முடியல."

பாட்டிலைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து ஓடினாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நிறுத்தச் சொல்லி அந்தக் கை இன்னும் ஒரே ஒரு தடவை எழாதா என்று பார்த்துக்கொண்டே ஓடினாள். எழவில்லை.