விருந்தாளி வில்மா

பள்ளிப் பேருந்து ஓட்டும் வில்மா டிரெக்ஸ்லர் ஆறு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் துப்பாக்கி கிளப்புக்கு வந்து சுட்டாள். ஆனாலும் கரும்பலகையில் அவள் மதிப்பெண்ணுக்கு நேரே அணித்தலைவன் ஹார்லன் எழுதுவது 'விருந்தாளி' என்றுதான். கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் சுடுகிறவருக்கு அங்கே பேர் கிடையாது.

ஜனவரியில் அணியிலிருந்த கிளைட் புளோரிடாவுக்குக் குடிபோனான். ஓரிடம் காலி.

"சொந்தத் துப்பாக்கியோட வா. முப்பது குண்டு, முந்நூறுக்கு எரநூத்தி அம்பத்தஞ்சு எடு. எடம் ஒனக்கு. இல்லேன்னா என் மச்சான் வர்றான்" என்றான் ஹார்லன்.

"யாரு, பக்கத்து ஆளோட குறி அட்டையில அஞ்சு குண்டு போட்டுட்டு, தன் அட்டையில ஓட்டையக் காணோம்னு தேடினானே, அவனா?"

ஹார்லன் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டான்.

சனிக்கிழமை வில்மா, துப்பாக்கி விற்கும் மெர்லின் கடைக்குப் போனாள். அவன் எடுத்து வைத்தது இளஞ்சிவப்புப் பிடி போட்ட குட்டிக் கைத்துப்பாக்கி. "லேசா இருக்கும் வில்மா. பொம்பளைங்க எல்லாம் இதத்தான் வாங்குறாங்க."

வில்மா அதைக் கையில் வாங்கி, காலிதானா என்று திறந்து பார்த்து, ஆளில்லாத சுவரைப் பார்த்து ஒற்றைக் கையை நீட்டினாள். மனசுக்குள் இருபது எண்ணினாள். எட்டிலேயே குழல் நுனியிலிருந்த குறிமுள் வெட்டுக்கிளி மாதிரி குதித்தது.

"லேசா இருந்தா கை துடிக்கிற துடிப்பெல்லாம் அதுல தெரியும். அந்தக் கடைசித் தட்டுல கெடக்குதே, அத எடு."

"அதா? பழசு. சாயம் போச்சு. ஒலக்க கனம்."

"இருபத்தேழு வருஷமா மலை ரோட்டுல பஸ்ஸு ஸ்டியரிங்கப் புடிச்ச கை இது. எடு."

தடித்த நீளக் குழல். கையை நீட்டினாள். இருபது எண்ணி முடித்தும் குறிமுள் நின்ற இடத்திலேயே நின்றது.

"விசைய இழுத்துப் பாரேன்" என்றான் மெர்ல்.

வில்மா கோட்டுப் பையிலிருந்து சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடு ஒன்றை எடுத்து உள்ளே போட்டாள். இந்தச் சின்னத் தோட்டாவுக்கு விளிம்பில்தான் அடி விழும். பழைய துப்பாக்கியில் உள்ளே ஒன்றும் இல்லாமல் விசையை இழுத்தால் அடி குழலின் பின்விளிம்பில் விழுந்து பள்ளமாகிவிடும். விசை, காய்ந்த ஈர்க்குச்சி ஒடிவது போலச் சுத்தமாக விட்டது.

மெர்ல் தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தான். "முப்பது வருஷமாக் கடை வச்சிருக்கேன். கூடு கொண்டாந்து பாத்த மொத ஆளு நீதான்."

அதையே வாங்கினாள். அடுத்தது சாப்பாடு; சுடுகிறவர்கள் தோட்டாவை அப்படித்தான் சொல்வார்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வகைத் தோட்டாதான் ஒத்துக்கொள்ளும். நாலு வகை வாங்கி, ஞாயிறு முழுக்கச் சுட்டுப் பார்த்தாள். விலை கூடின தோட்டா துப்பாக்கியின் தொண்டையில் சிக்கியது. இன்னும் இரண்டு, அட்டை முழுக்க இறைத்தன. யாரும் சீந்தாத நாலாவது, பத்துக் குண்டையும் ஒரு காசு அகலத்துக்குள் போட்டது.

செவ்வாய் வந்தது. மச்சானும் வந்து பின் பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தான். முதல் இருபது குண்டில் நூற்று எழுபத்திரண்டு.

"கடேசிப் பத்துல எம்பத்திமூணு வேணும். பயமா இருக்கா?" என்றான் ஹார்லன்.

"பனியில, அம்பது பிள்ளைங்க பின்னாடி கூச்சல் போட, எறக்கத்துல பஸ்ஸ எறக்கினவ நான். வாய மூடிட்டுத் தள்ளி நில்லு."

பத்துக் குண்டும் போயின. ஹார்லன் அட்டையைக் கொண்டுவந்து இரண்டு தரம் கூட்டினான். எண்பத்தொன்பது. மொத்தம் இருநூற்று அறுபத்தொன்று. பெஞ்சில் ஆடிய கால் நின்றது.

ஹார்லன் 'விருந்தாளி'யைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு வில்மா டிரெக்ஸ்லர் என்று பெரிசாக எழுதினான். பிறகு, அணிக்காரர்கள் தங்களுக்குள் மட்டும் கேட்டுக்கொள்ளும் கேள்வியை, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் கேட்டான்.

"வில்மா, ஒன்னோடது என்னத்தச் சாப்பிடுது?"

அவள் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"அத ஒங்கிட்ட சொல்லிருவேனா?"