சோளத்தோகையில் இரண்டு கூடுகள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்! திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றி அறியும் ஆவலில் தாங்கள் இதைப் படிக்கத் தொடங்கியிருந்தால் பொறுத்தருள வேண்டும். ஐந்து நாள் அவ்வூரில் தங்கியும் கோட்டையைக் கீழிருந்துதான் பார்த்தேன். என் பொழுது சோளத்தோகை தைப்பதில் கழிந்தது. அங்கே என்ன முடிவாயிற்று என்பதில் எனக்கே தெளிவில்லாததால், நடந்ததை நடந்த வரிசையிலேயே வைக்கிறேன்.

ஞாயிறு. பொங்கல் துணிகளைத் தைத்துக் கொடுத்துவிட்டு என் தையற்கடைக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டேன். அருப்புக்கோட்டையில் ஏறி, மதுரை ஆரப்பாளையத்தில் வண்டி மாறி, நண்பகலில் திண்டுக்கல் சேர்ந்தேன். மதுரையிலிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பேகம்பூருக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய் கேட்டார்கள், எழுபதுக்கு முடிந்தது.

அங்கே குடியிருக்கும் நண்பர் காதர் மைதீன் தோற்செருப்புத் தைப்பவர். இளமையில் இருவரும் இவ்வூரில் அடுத்தடுத்த கடையில் வேலை பார்த்தோம். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலக்கை சோர்ந்துவிட்டது. முன்னறையில் அவருடைய தைக்கும் பட்டறை மேசை துணி போர்த்திக் கிடந்தது. அந்த இடத்தில் மகன் தன் கடைச் சரக்கை அடுக்க விரும்புகிறான். மேசையை ஏற்றிப்போக வியாழக்கிழமை வண்டி வருவதாகச் சொன்னார்கள்.

“அதுக்குள்ள இந்தக் கையால ஒரு சாமானாச்சும் முடிச்சுட்டா பட்டறை இங்கனயே இருக்கட்டும். இல்லாட்டி நானே பிடிச்சு ஏத்தி விட்டுர்றேன் மாப்ளே” என்றார் காதர்.

அவர் மனைவி ரமலா பீவி அடுக்களையிலிருந்தே, “தோலுல ஊசி இறங்க மாட்டேங்குதுண்ணே. அஞ்சு தடவ பாத்தாச்சு” என்றார்.

“தோல் வேணாம். தோகை எடுப்போம்” என்றார் காதர். எதற்குத் தோகை என்று கேட்டேன். தமக்கும் தெரியாது என்றார்.

திங்கள் காலை. பழனி சாலையில் ரெட்டியார்சத்திரம் கடந்து கன்னிவாடிக்குப் போனோம். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். காதர் வலக்கையை இடக்கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, “என்ன பாய், கைக்குத் தனி டிக்கெட்டா?” என்று கேட்டார். “அதுக்குப் பாதி டிக்கெட் போடுங்க, பாதி வேலைதான் பாக்குது” என்றார் காதர். நான் சிரிப்பதா வருந்துவதா என்று விளங்காமல் சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தேன்.

காதரிடம் நெடுங்காலமாகச் செருப்பு வாங்கும் பெருமாயி அம்மாள் அங்கே மக்காச்சோளம் போட்டிருக்கிறார். களத்தில் கதிரின் தோகையைக் குவித்திருந்தார்கள். ஒரு சாக்கு வேண்டும் என்றதும், “எங்க மாடு என்ன பாவம் அப்பு செஞ்சுச்சு? அது தீனிய நீங்க எதுக்குத் தூக்கிட்டுப் போறீக?” என்று கேட்டுக்கொண்டே சாக்கில் அள்ளிப் போட்டார் அவர்.

கிணற்றோரத் தென்னையில் தூக்கணாங்குருவிகள் விட்டுப்போன பழைய கூடுகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று கீழே விழுந்து கிடந்தது. காதர் அதை எடுத்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு, “மாப்ளே, இது கை இல்லாம பின்னுனது. ஒத்த மூக்கு. நமக்கு இதான்” என்றார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என இரண்டு கூடுகள் செய்வதென முடிவாயிற்று.

செவ்வாய். எங்கள் தொழிலே எங்களைக் கெடுத்த நாள். தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் காதர் தம் தோகைகளை இரவே ஊறப்போட்டிருந்தார். தோல் அதில் உரம் பெறும். தோகையோ செம்பு நிறமாகிக் கொழகொழத்து விரலோடு வந்தது. நான் என் பங்குத் தோகைகளைத் துணியென எண்ணி இஸ்திரி போட்டேன். அவை அப்பளம்போல் நொறுங்கின.

“ஒருத்தர் ஊற வச்சுக் கெடுத்தாக, ஒருத்தர் சுட்டுக் கெடுத்தாக. சோத்துக்கு வெஞ்சனமா வைக்கக்கூட ஆகாது” என்றார் ரமலா பீவி. மிச்சத் தோகையில் அவரே தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தார். அது பதமாக வந்தது.

புதன். இனிச் சொல்வதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். செருப்புத் தைப்பவர்கள் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்துவார்கள். தையல் இரு பக்கமும் ஒன்றுபோல் விழும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். தையற்காரனான நான் ஒற்றை ஊசிக்காரன். அன்று காதர் என் ஒற்றை ஊசியைக் கேட்டு வாங்கினார். தோகையை வலக்கையால் முழங்காலில் அழுத்திக்கொண்டு இடக்கையால் தைத்தார். சும்மா இருந்த அவருடைய இரட்டை ஊசியை நான் எடுத்துக்கொண்டேன். அது மரியாதையா, அதிகப்பிரசங்கித்தனமா என்று இப்போதும் தெரியவில்லை. நடுவில் அவருடைய வலக்கை இரு முறை நழுவியது. பிடிக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். “பிடிச்சே, ஊசியால குத்திருவேன்” என்றார். மாலையில் இரண்டு கூடுகளையும் ஒரே கொடியில் உலர விட்டோம்.

வியாழன் காலை. வண்டி வாசலில் நின்றது. ரமலா பீவி கொடியிலிருந்து இரண்டையும் எடுத்தார். ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. “இது இவுக தையல்! உள்ளயும் வெளியவும் ஒண்ணுபோல இருக்கு. எனக்குத் தெரியாதாண்ணே?”

அது நான் தைத்தது. ஆம் என்றால் மேசை நிற்கும். இல்லை என்றால் அந்த முகம் வாடும். நான் தரையைப் பார்த்தேன்.

காதர்தான் பேசினார். “அது தையக்காரன் தைச்சது. என்னைய மாதிரி தைச்சுப் பாத்திருக்கான், களவாணி. என்னோடது இந்தா.” மற்றதைக் காட்டினார். அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை.

ரமலா பீவி அதை வாங்கி இரு கையாலும் பிரித்து இழுத்தார். தையல் விடவில்லை. மீண்டும் இழுத்தார். விடவில்லை. “அப்ப வண்டியத் திருப்பி அனுப்பிருவோமா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“இரு. வாய் ஓரம் இன்னும் தைக்கல. கூட்ட முடிக்கல.”

முடித்தால்தானே மேசை இருக்கும் என்று இவரே சொன்னார்?

காதர் மேசைமேல் கிடந்த துணியை இடக்கையால் இழுத்துப் போட்டார். முக்காலியில் அமர்ந்து, கூட்டை மேசைமேல் வைத்து வலக்கையை அதன்மேல் சாத்தினார். “முடிக்கிற வரைக்கும் பட்டறை வேணும்ல? வண்டிக்காரருக்கு டீ குடுத்து அனுப்பு” என்றார். மகன் வாயைத் திறந்தான். தாயார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அன்று பிற்பகல் நான் ஊர் திரும்பினேன். நான் தைத்த கூடு இப்போது என் தையல் இயந்திரத்தின்மேல் தொங்குகிறது. முடித்தால் இருக்கும் என்ற மேசை, முடிக்காததால் இருக்கிறது. எங்கள் ஊரில் சொன்ன தேதிக்கு முடிக்காத துணியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். திண்டுக்கல் நியாயம் எனக்குப் பிடிபடவில்லை. தொலைபேசியில் கேட்டால், “வாய் ஓரந்தான் பாக்கி, தைக்கிறேன்” என்கிறார். சரியாக வராததை அவரே பிரித்து மறுபடி தைப்பதாக ரமலா பீவி சொல்கிறார்.

என் கூட்டைப் பார்ப்பவர்கள் அது செருப்புத் தைக்கும் கையின் வேலை என்றே சொல்லிப் போகிறார்கள். சாய்ந்த கூடுதான் காதர் மைதீன் தைத்தது. பின்னாளில் எவரும் மாற்றிச் சொல்லாதிருக்க, இக்கட்டுரையைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.