பூசைக்கு முன் குளிப்பாட்டியவர்

போன ஞாயிறு, காலை ஏழு இருபது. சடையங்குப்பத்தில் ஓர் ஒற்றை அறை வீடு. உள்ளே இரண்டு பேர். ஒருவனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இன்னொருவருக்கு மூச்சு இல்லை.

அசைய முடியாத குமார்தான் எனக்குப் போன் செய்தான். “சூசை அண்ணன் எனக்கு சோப்பு போட்டுகினே இருந்தாரு. அப்டியே செவுத்துல சாஞ்சிட்டாரு. கூப்ட்டா பேச மாட்றாரு. சீக்கிரம் வா.” எண்ணூரில் இரவு ஷிப்ட் முடித்து வந்துகொண்டிருந்தேன். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸும் மாட்டியது, நானும் மாட்டினேன். குமாரின் அம்மா வேலைக்குப் போயிருந்தார். நாங்கள் போய்ச் சேரும்வரை அவன் சூசை அண்ணனைப் பார்த்தபடியே கிடந்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ள அவனால் முடியும். திருப்பவில்லை.

சூசை அண்ணனை உங்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் கப்பல்மேல் கண்டெய்னர்களைக் கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் மாதா கோயிலில் கடைசி பெஞ்சு. படுக்கையில் கிடக்கும் யாரையாவது குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டு, லோஷன் வாடையோடு முதல் பூசைக்கு வருவார். “குளிச்சிட்டு வரக் கூடாதா?” என்று நம்மில் ஒருவர் கேட்டார். “ஒருத்தனைக் குளிப்பாட்டிட்டு வரேன். எது மொதல்லனு ஆண்டவரையே கேட்டுச் சொல்லுப்பா” என்றார்.

குமார் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவன். அவனைத் தூக்க, பைப்பும் பாரம் தூக்கும் செயின் பிளாக்கும் வைத்து நான் ஒரு ஸ்டாண்டு செய்தேன். முதல் நாள், எதுவும் சொல்லாமல் செயினை இழுத்தேன்.

“இன்னா மாமு, கப்பல்ல ஏத்தறியா?” என்று குமார் கத்தினான்.

அண்ணன் சிரிக்கவில்லை. “சரக்கைத்தான்பா சொல்லாம தூக்கறது.”

அதே நாள் குமார் அவரையும் சீண்டினான். “அண்ணே, என்னையும் ஒங்க வேதத்துல சேத்துடுவியா?”

“மொதல்ல முதுகைக் காட்டு. இயேசு காலைக் கழுவுனாரு. அதுக்கு மேல எனக்கு வேதம் தெரியாது.”

எனக்கு அவர்மேல் கோபமும் இருக்கிறது. நெஞ்சு வலியை வாயு என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை. நாமும் போகவில்லை. மொத்தப் பாரத்தையும் ஒரே போல்ட்டில் தொங்கவிட்டுவிட்டு அதைத் தியாகம் என்று புகழாதீர்கள். அது டிசைன் கோளாறு.

அடக்கத்துக்கு எல்லோரும் வந்தீர்கள். மறுநாள் குமார் கேட்டான்: “இனிமே யார்ரா வருவா?” அவன் இடுப்புப் புண் எலும்பைத் தொட்டுவிட்டது. சீழ் ரத்தத்தில் ஏறினால் அவனையும் புதைக்க வேண்டியதுதான்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வேலைதான்.

1. வரும் ஞாயிறு காலை குமார் வீட்டுக்கு நான் போகிறேன்.

2. அண்ணன் புதன்கிழமையும் அவனைக் குளிப்பாட்டுவார்; அன்று எனக்குப் பகல் ஷிப்ட். உங்களில் ஒருவர் போக வேண்டும். குமார் பெயரை ஜெபக் கருத்தில் சேர்த்தால் போதாது, ஆள் வர வேண்டும்.

3. திருவொற்றியூரில் பார்வையில்லாத பெரியவர் ஒருவர் அண்ணனுக்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. நாளை போகிறேன். முதலில் குளிப்பாட்டுவேன். பிறகு சொல்வேன்.