வெடித்த மாங்காய் முத்திரை

என் கல்யாணத்துக்கு அம்மா சீராகக் கொடுத்தது வெள்ளியில் ஒரு பன்னீர்ச் செம்பும் ஒரு சந்தனக் கிண்ணமும். இரண்டும் கும்பகோணத்தில் ஒரே பட்டறையில் செய்தவை. கல்யாணம் முடிந்து சாமான்களை அடுக்கும்போது செம்பைக் காணவில்லை. என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், கூடத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சபையில வச்சுக் காட்டிட்டு, பந்தி முடியறதுக்குள்ள பொறந்த வீட்டுக்கே திரும்பிப் போயிடுச்சு போல."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் பஸ் ஏறினாள். சாகும்வரை என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. நானும் அன்று வாய் திறக்கவில்லை. எனக்குச் சபையில் பேச வராது. மறக்கவும் வராது.

போன தை மாதம் மன்னார்குடியில் அண்ணியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அண்ணி போன் செய்தார்.

"உன்கிட்ட ஒரு சந்தனக் கிண்ணம் இருக்குல்ல, எடுத்துட்டு வா. என் பன்னீர்ச் செம்புக்கு ஜோடியா இருக்கும்."

மண்டபத்தில் செம்பை என் கையில் கொடுத்தார். "நீ வாசல்ல நின்னு பன்னீர் தெளி. பேசற வேலை இல்ல, உனக்குச் சரியா வரும்."

அடியில் அண்ணியின் பேர் வெட்டியிருந்தது. அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பாத்திரம் யாருடையது என்று பார்க்க வெட்டிய பேரைத்தான் பார்ப்பார்கள். அங்கே இருந்த என் பேரை அரத்தால் ராவிவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார்.

பன்னீர் ஊற்றக் கழுத்தைத் திருகிக் கழற்றினேன். மூடினால் மறைந்துவிடும் விளிம்பில் பட்டறை முத்திரை இருந்தது. ஒரு சின்ன மாங்காய், அதன் குறுக்கே ஒரு கோடு. அச்சில் விரிசல் இருந்ததால் விழுந்த கோடு. வாங்கிய அன்று விபூதி போட்டுத் துலக்கியபோது, "மாங்கா வெடிச்சிருக்கும்மா" என்று அம்மாவிடம் காட்டியவள் நான்தான். கிண்ணத்தைக் கவிழ்த்தேன். அதே மாங்காய், அதே வெடிப்பு.

அண்ணியை மணப்பெண் அறைக்குள் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"என்னடி இது?"

"பட்டறை முத்திரை, அண்ணி. பேர ராவுனவங்க இத ராவ மறந்துட்டாங்க."

அவர் முகம் வெளிறியது. "சத்தம் போடாத. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. பேசாம உன் பையில போட்டுக்க."

"எதுக்கு? வாசல்ல நிக்கச் சொன்னீங்களே."

நின்றேன். வந்தவர்கள் மேல் தெளித்துக்கொண்டே அண்ணியைப் பார்த்தேன். யாராவது என்னிடம் இரண்டு வார்த்தை பேசினாலே அவர் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பார்க்க நன்றாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா வந்தார். "செம்பு ரொம்ப அழகா இருக்கே. யாருது?"

"அண்ணியக் கேளுங்க" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார். "தம்பி பொண்டாட்டியோடது. அவங்க அம்மா சீரா குடுத்தது."

அன்று சிரித்தவர்களில் ஒருவரான என் சின்ன மாமியார் முன்வரிசையில் இருந்தார். "அதான் அன்னிக்கே காணாமப் போச்சே! உன் கைக்கு எப்படி வந்துச்சு?" என்று அண்ணியைக் கேட்டார்.

அண்ணி மறுபடியும் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் தலையில் நான் கொஞ்சம் பன்னீர் தெளித்தேன்.

திரும்பி வரும்போது செம்பு என் மடியில் இருந்தது. "இதோட விட்டுடலாம்ல?" என்றார் கணவர்.

வைகாசியில் கல்யாணம். வாசலில் இந்தச் செம்போடு நானே நிற்பதாக அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன்.