குடிலில் வந்த தண்ணீர்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பேச்சில் யாருக்கும் குறை வைக்காதவர். சோறு பிசையும்போது ஆட்சியின் சாதனைகளை ஆரம்பித்தாரென்றால் மோர் ஊற்றும்வரை நிறுத்தமாட்டார். திண்டுக்கல்லில் எங்கள் வார்டில் ஆளுங்கட்சி என்றால் அவர்தான். வரப்போகும் தேர்தலில் கவுன்சிலர் சீட்டு தனக்கே என்று நம்பியிருந்தார். கல்யாணம்கூட அதற்கப்புறம்தான் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் நடுவில் அரசின் சாதனைகளைப் படம் போட்டு ஒரு மலராக அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். அதற்கு வார்டுக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். படம் நன்றாக அமைந்தால் நகரச் செயலாளரின் கண்ணில் படலாம். சீட்டும் தானாக வரலாம். மாமாவின் சங்கடம் என்னவென்றால், எங்கள் வார்டில் படம் எடுக்க ஒன்றுமே இல்லை. தெருவெல்லாம் தோண்டிக் குழாய் பதித்து, வாசலுக்கு வாசல் பளபளவென்று பைப்பும் வைத்துவிட்டார்கள். தண்ணீர்தான் வரவில்லை. வாரத்துக்கு ஒருமுறை லாரி வந்தால் உண்டு.

எங்களுடையது சர்ச்சை ஒட்டிய தெரு. கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு, இயேசு பிறந்த மாட்டுக் கொட்டிலைப் பொம்மைகள் வைத்துக் குடிலாகக் கட்டுவார்கள். அந்த வருடம் மாமா வாசலில் பந்தல் போட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு குடில் கட்டினார். காகித மலை, முளைவிட்ட கேழ்வரகு, மரத்தூள் பாதை எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் மூன்று ஞானிகள் வருவதற்கு ஒரு மேம்பாலம் போட்டிருந்தார். மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் அட்டையில் ஓர் ஆஸ்பத்திரியும் இருந்தது.

“பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கப்ப மாதா ஏன் மாமா மாட்டுக் கொட்டாய்க்குப் போனாங்க?” என்று கேட்டேன்.

“அப்ப எதிர்க்கட்சி ஆட்சி” என்றார்.

நான் அதை வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். மலையுச்சியில் பால்பவுடர் டப்பாவில் செய்த மேல்நிலைத் தொட்டி. அதிலிருந்து குளுக்கோஸ் டியூப் வழியாக இறங்கிய தண்ணீர் ஒரு குட்டி பைப்பில் நிற்காமல் விழுந்தது. அந்தத் தண்ணீர், அம்மா சமையலுக்குப் பிடித்து வைத்திருந்த டிரம்மிலிருந்து வந்தது.

நகரச் செயலாளர் போட்டோகிராபரோடு குடில் பார்க்க வருவதாக இருந்த சாயங்காலம், மாமா பைப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தெருமுனைக்கு ஓடினார். எங்கள் தெருவில் ஒரு சட்டம் இருந்தது. தண்ணீர் விழும் சத்தத்தை எந்த வீட்டுப் பிள்ளை முதலில் கேட்கிறதோ, அது உடனே தன் வீட்டுக் குடத்தைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். நான் அடுப்படிக்கு ஓடி, “அம்மா, தண்ணி வருது” என்றேன்.

“எங்க?”

“மாமா குடில்ல.”

அம்மா டிரம்மைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “வருதுல்ல? அப்பக் குடத்தக் கொண்டுபோயி வையி” என்றாள்.

வைத்தேன். எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார். உள்ளே போய்த் தன் குடத்தை எடுத்துவந்து என் குடத்துக்குப் பின்னால் வைத்தார். செத்த நேரத்தில் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று குடங்கள் தெருவரை நீண்டுவிட்டன. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. விரல் தண்டிகூட இல்லாத பைப்பில் விழும் தண்ணீர் இத்தனை குடத்துக்கும் எப்படிக் காணும்?

செயலாளர் வந்தார். பின்னால் வந்த மாமாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. செயலாளர் குடிலைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், பிறகு முகமெல்லாம் பல்லாக, “அப்படியே நில்லுங்கம்மா எல்லாரும்” என்றார்.

“சிரிக்கணுமாப்பா?” என்று எதிர்வீட்டு அத்தை கேட்டார்.

“லேசா” என்றார் போட்டோகிராபர்.

பொங்கலுக்கு முன்னால் மலர் வந்தது. முழுப் பக்கத்துக்கு எங்கள் தெரு. மலையைக் காணோம், மாதாவைக் காணோம். குடங்களும் சிரிப்பும் மட்டும் இருந்தன. கீழே, வீடுதோறும் குடிநீர், தாய்மார்கள் மகிழ்ச்சி என்று போட்டிருந்தது. சீட்டு உறுதி என்று செயலாளரே மாமாவிடம் சொல்லிவிட்டாராம். நான் மலரைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டினேன்.

அந்த வாரம் லாரி வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. பக்கத்துத் தெருவில் நின்ற லாரியிடம் அம்மாவோடு போனேன்.

“ஒங்க தெருவுக்குத்தான் தண்ணி வந்துருச்சே. புஸ்தகத்துலயே போட்டுருக்காங்க. ஆபீஸ்ல ஒங்க தெருவ லிஸ்ட்டுல இருந்து எடுத்துட்டாங்க” என்றார் டிரைவர்.

புத்தகத்தில் தண்ணீர் வந்திருந்தது. அதில் இருந்த குடம் எங்கள் குடம். அந்தக் குடமோ என் இடுப்பில் காலியாக இருந்தது.

“ஆபீஸுக்குப் போயி, அது பொம்மைக் குழாய்னு சொல்லிட்டு வாடா தம்பி” என்று வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் சொன்னாள் அம்மா.

“சொன்னா சீட்டு போயிரும்க்கா.”

அம்மா சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் இரண்டு குடங்களை அவர் முன்னால் வைத்தாள். மாமா கட்சிக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுத்த தெரு போர்வெல்லிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்கு, அப்புறம் எதிர்வீட்டுக்கு, அப்புறம் காலொடிந்து கிடந்த வாத்தியார் வீட்டுக்கு. “கவுன்சிலரு வாராரு” என்று தெருவே கேலி செய்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதித்தார். சாப்பிடும்போதுகூடப் பேசவில்லை. சாதனை இல்லாமல் சோறு இறங்குவது எங்களுக்கெல்லாம் புதிதாக இருந்தது.

ஒருநாள் காலையில் கரையில்லாத வேட்டியைக் கட்டிக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் வெளியே போனார். மறுநாள் லாரி வந்தது. சீட்டு வேறு யாருக்கோ போய்விட்டது.

அன்றைக்கு ஞாயிறுகூட இல்லை. அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். மாமாவின் தட்டில் நல்ல கறியாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். “போதும்க்கா” என்றார். அவரைச் சிரிக்கவைக்கலாம் என்று, “மாமா, சாதனை சொல்லுங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்து, “தண்ணி ஊத்து” என்றார்.

புதுத் தண்ணீரை நிறைய ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா கேட்டது தண்ணீர். தண்ணீர் வந்துவிட்டது. பிறகு எதற்கு அழுகிறாள் என்று புரியாமல், நான் செம்போடு நின்றுகொண்டிருந்தேன்.