அம்மா கேட்ட பதினான்கு பல்

நம் வண்டி ஏன் மற்ற வண்டிகளைப் போல வேகமாகப் போவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்குக் காரணம் உங்கள் அம்மாதான். குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொல்கிறேன்.

தார் ரோட்டிலும் ஓடும், சேற்றிலும் ஓடும் என்றுதான் அந்த உயரமான பைக்கை வாங்கினேன். அம்மா அதை ஓட்டக் கற்றுக்கொண்டது தன் அம்மா வீட்டுக்குப் போகத்தான். சேத்தியாத்தோப்பு தாண்டி, வெள்ளாற்றுக் கரை ஏறி இறங்கினால் வீடு. மைன்ஸில் என் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல், நினைத்த நேரத்தில் தானே போய்வர வேண்டும் என்பது அவள் ஆசை.

டவுன்ஷிப் ரோட்டில் நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனால் அந்தக் கரை ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போதெல்லாம் வண்டி அடித்துக்கொண்டு நின்றுவிடும். ஒருநாள் மூன்றாவது முறை நின்றபோது, மேலே நின்றிருந்த உங்கள் மாமா சிரித்தார்.

"யக்கா, தள்ளிகினு வர்றதுக்கா இம்மாந்தூரம் ஓட்டிகினு வந்த?"

அம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். பின்னால் உட்கார்ந்திருந்த என் கையில் சாவியை வைத்தாள். "இன்னும் ஒரு வாட்டி இது நின்னுச்சுன்னா, இத நான் தொட மாட்டேங்க." சொன்னால் செய்கிறவள். எனக்குப் பயமாகிவிட்டது.

என்ஜின் பக்கத்தில், செயின் சுற்றி வருகிற சின்னப் பல்சக்கரம் ஒன்று உண்டு. அதைத்தான் ஸ்ப்ராக்கெட் என்கிறோம். நம் வண்டியில் இருந்தது பதினைந்து பல். பல்லைக் குறைத்தால் வேகம் குறையும், இழுவை கூடும். மெதுவாகப் போனாலும் வண்டி நிற்காது. மந்தாரக்குப்பம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அம்மாவையும் அழைத்துப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார்.

"பதிமூணு போட்டீங்கன்னா மரத்துலயே ஏறும்ணே. ஆனா விருத்தாசலம் ரோட்டுல மாட்டு வண்டி உங்கள ஓவர்டேக் பண்ணிடும்."

"மரம் ஏற வாணாம், கரை ஏறுனா போதும். பதினாலு குடுங்க" என்றாள் அம்மா.

மறுநாள் நீங்கள் ஸ்கூலுக்குப் போனபிறகு குவார்ட்டர்ஸ் வாசலில் வேலையை ஆரம்பித்தோம். போல்ட்டைக் கழற்றும்போது சக்கரம் சுற்றாமல் இருக்க அம்மா பின் பிரேக்கை மிதித்துக்கொண்டாள். பழைய சேறும் கிரீஸும் கட்டிப்போய்க் கிடந்ததைச் சுரண்டி எடுத்து, புதியதை மாட்டினேன். பல்சக்கரம் சின்னதாகிவிட்டதால் செயின் தொங்கியது. மைன்ஸில் நான் பார்ப்பது கரி ஓடும் கன்வேயர் பெல்ட் வேலை. அங்கே பெல்ட் தொங்கினால் வழுக்கும், கரி நின்றுபோகும், போன் வந்துவிடும். அதே கை இது. பின் சக்கரத்தை நகர்த்தி, செயினைக் கொடிக்கம்பி மாதிரி இழுத்துக் கட்டிவிட்டுப் பெருமையாக நின்றேன்.

அம்மா பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஸ்பீட் பிரேக்கரில் "கறக் கறக்" என்று சத்தம். வண்டி வெட்டி வெட்டி வந்தது.

"நான் உக்காந்தா மொனகுதுங்க."

"பொங்கலுக்கு அம்மா வீட்ல நல்லா சாப்ட்டல்ல, அதான்" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிவிட்டது. சாவியை சீட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். முடிந்தது, இனி தொடமாட்டாள் என்றே நினைத்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். "நீங்க உக்காருங்க" என்று சொல்லி, குத்துக்காலிட்டுச் செயினைத் தொட்டாள். "எறங்குங்க. மறுபடி உக்காருங்க." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆள் ஏறுனா வண்டி கீழ எறங்குது, செயின் இன்னும் வெறைச்சுக்குது. மாட்டக் கட்டும்போது கயித்துல கொஞ்சம் விட்டுத்தானே கட்டுவோம்? அது படுக்க வாணாமா?"

உயரமான வண்டி, ஆள் ஏறினால் ஸ்பிரிங் நன்றாக அமுங்கும். பெல்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. செயினைத் தளர்த்தினேன். போதுமா போதுமா என்று அம்மாவையே கேட்டு நட்டை முறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போனோம். என்னைக் கீழேயே இறக்கிவிட்டாள். முதல் கியரில், நடக்கிற வேகத்தில், என்ஜின் அடங்கிய குரலில் பேச, வண்டி ஏறியது. பாதி ஏற்றத்தில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. அம்மா இன்னும் மெதுவாக்கினாள். எனக்கு மூச்சே நின்றது. வண்டி நிற்கவில்லை.

மேலே உங்கள் மாமா காத்திருந்தார். "யக்கா, எனக்கு ஒரு ரவுண்டு குடேன்."

"ஆசையப் பாரு."

"மாமா வண்டிதானே, மாமாகிட்ட கேட்டுக்கறேன்."

"கேளு. அவரும் என்கிட்டதான் கேக்கணும்."

நான் மூச்சு வாங்க ஏறிப் போவதற்குள் அவள் மறுபக்கம் இறங்கி வீட்டு வாசலுக்கே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் ஊருக்குப் போகிற நாளெல்லாம் வேலைக்குப் போக எனக்கு கம்பெனி ஷிப்ட் பஸ்தான்.