சவரக் கத்திபோல ஒரு கோடாலி

'டங்' என்று கொல்லைப்புறத்தில் ஒரு சத்தம். தொடர்ந்து, ஒரு கட்டை இரண்டாகப் பிளந்து தரையில் விழும் சத்தம்.

சலூன்காரரின் கை, தபால்காரரின் இடது கன்னத்தில் அப்படியே நின்றது. முப்பது வருஷத் தொழிலில் பாதிச் சவரத்தில் அந்தக் கை நின்றதே கிடையாது.

"என்னண்ணே ஆச்சு?" என்றார் தபால்காரர், சோப்பு நுரைக்குள்ளிருந்து.

"யாரோ கட்டை பிளக்கிறாங்க."

"நல்லதுதானே?"

நல்லதா! கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கே இருப்பது அவருடைய மனைவி ஒருத்திதான். அவளுக்கோ மூன்று நாளாகத் தோள் வலி, குடம் தூக்கவே முடியாது. அப்படியானால் கொல்லையில் நிற்கும் அந்த மகராசன் யார்?

சலூன்காரருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கை நின்றது.

அவர் கடைக்கு வெந்நீர்தான் பேர் வாங்கிக் கொடுத்தது. கொல்லையில் விறகு பாய்லர், சூடான துண்டு, அப்புறம்தான் சவரம். விறகுக்கடையில் எப்போதும் பிளந்தே அனுப்புவார்கள். இந்த முறை ஆள் இல்லை என்று ஐந்து பெரிய முழுக்கட்டைகளாக இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இவ்வளவுதானே என்று புதுக் கோடாலி ஒன்று வாங்கி வந்தார். அதன் வாயை விரலால் தடவியதும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. தடித்து, மொண்ணையாக, கிழவரின் ஈறுபோல இருந்தது. ஊருக்கே சவரம் செய்கிறவர் வீட்டில் மொண்ணைக் கோடாலியா? மானம் என்ன ஆவது? இரண்டு நாள் சாணைக்கல்லில் தேய்த்து, தோல்வாரில் தீட்டி, கண்ணாடிபோல மெலிதாக்கினார். வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்று முழங்கை முடியை மழித்துப் பார்த்தார்கள். அப்படி ஒரு கூர்மை!

ஆனால் கட்டையில் போட்டால், கோடாலி உள்ளே போகும். போனது போனதுதான். கட்டைமேல் ஒரு காலை ஊன்றி அவர் இழுக்க, அவர் இடுப்பைப் பிடித்து மனைவி இழுக்க, மூன்று நாளில் பிளந்தது அவருடைய பனியன் மட்டுமே.

"இன்னிக்கும் முடியலன்னா என் தம்பியக் கூப்பிடுவேன்" என்று காலையில் சொல்லியிருந்தாள் மனைவி.

இரும்புக்கடை வைத்திருக்கும் அந்தத் தம்பி, பதினோரு வருஷமாக இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. ஒருநாள் அடுத்த தெரு சலூனில் சவரம் செய்துகொண்டு, பளபளவென்ற முகத்தோடு இவர் கடை வாசலைத் தாண்டிப் போனான். சொந்த அக்கா புருஷனுக்கு இப்படி ஒரு துரோகமா? அன்றே வாசலை அடைத்தார். அன்றிலிருந்து அந்த அக்கா, கூடப்பிறந்தவனைச் சந்தையில், வெங்காயக் கடை மறைவில் நின்று பார்த்து வருகிறாள். வீட்டுக்கு வந்தால் கண் சிவந்திருக்கும். வெங்காயம் என்பாள்.

சலூன்காரர் விடுவிடென்று கொல்லைக்குப் போனார். பாதி முகம் நுரையோடு தபால்காரரும் பின்னால் ஓடினார்.

கொல்லையில் மச்சான் இரண்டு கையாலும் சம்மட்டியை ஓங்கி நின்றான். மனைவி இவரைப் பார்த்ததும் அலறினாள்.

"ஐயோ! கத்தியக் கீழ போடுங்க! அவன் என் ஒரே தம்பி!"

அப்போதுதான் சவரக் கத்தி கையிலேயே இருப்பதைச் சலூன்காரர் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

"மாமா, இந்தக் கோடாலிய யாரு இப்படிக் கெடுத்தது?" என்றான் மச்சான்.

"கெடுத்ததா? தீட்டினவன் நான்!"

"அதானே பார்த்தேன். இதுல தாடிதான் எடுக்கலாம்."

"எடுத்தாரு தம்பி, என் முழங்கையில" என்று சாட்சி சொன்னார் தபால்காரர்.

"தாடிக்குக் கூரு வேணும் மாமா, கட்டைக்குத் தடிமன் வேணும். மெலிசா இருந்தா உள்ள போய்ப் படுத்துக்கும். தடிச்சு இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் தள்ளும். நேர் கட்டைக்குக் கனமான கோடாலி, முடிச்சு விழுந்த கட்டைக்கு ஆப்பும் சம்மட்டியும். எது வேணுமோ நீங்களே எடுங்க."

தன் கடையிலிருந்து அவன் கொண்டுவந்த சாமான்களெல்லாம் சாக்கின்மேல் பரப்பியிருந்தன. சலூன்காரர் ஒவ்வொன்றையும் விரலால் தடவினார். ஒவ்வொன்றுக்கும் முகம் கோணியது. கடைசியில், கசப்பு மருந்தை விழுங்குகிறவர்போல, இருப்பதிலேயே மொண்ணையான கோடாலியை எடுத்து ஓங்கிப் போட்டார்.

கட்டை படீரென்று வாய் பிளந்தது. சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். பல் தெரிந்துவிட்டது.

"அடுத்தது முடிச்சுக் கட்டை. ஆப்பு நிக்கிற வரைக்கும் ஒருத்தர் புடிச்சுக்கணும்" என்றான் மச்சான். "நீங்க அடிங்க. நான் புடிக்கிறேன்."

"நானா? சம்மட்டி தூக்கத் தெரியாத நான் அடிச்சா உன் கை போயிடும்."

"அப்ப நீங்க புடிங்க."

சலூன்காரர் தம் பத்து விரல்களையும் பார்த்தார். அவர் கடை, அவர் சோறு, அவர் பேர் எல்லாம் அவைதான். அவற்றைக் கொண்டுபோய், பதினோரு வருஷப் பகையாளியின் சம்மட்டிக்கு அடியில் வைப்பதா?

"வேணாங்க" என்றாள் மனைவி. "விறகே வேணாம். கடையப் பச்சைத் தண்ணியிலயே ஓட்டிக்கலாம்."

அவள் கண் சிவந்திருந்தது. பக்கத்தில் எங்கேயும் வெங்காயம் இல்லை.

சலூன்காரர் குனிந்து ஆப்பைப் பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "அடிடா!"

டொக், டொக், டொக். படம் மாட்ட ஆணி அறைவதுபோல மூன்றே தட்டு.

"கைய எடுங்க மாமா."

எடுத்தார். எண்ணினார். பத்தும் இருந்தன. பிறகு விழுந்த ஒரே அடியில் கட்டை இரண்டானது. "சபாஷ்!" என்று தபால்காரர் கத்தியதில் நுரை தெறித்தது.

மச்சான் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினான். அக்காவிடம் மட்டும் தலையசைத்தான்.

"நில்லு" என்றார் சலூன்காரர், சுவரைப் பார்த்தபடி. "செவ்வாய்க்கிழமை கடை லீவு. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடு. இன்னும் கட்டை நிறையக் கிடக்கு."

கிடந்தவை இரண்டே கட்டைகள். மச்சான் அவற்றைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"ஆமா மாமா. ரொம்ப நாள் வேலை இருக்கும்போல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

அவன் தெரு முனை திரும்பும்வரை நின்றுவிட்டு, சலூன்காரரே கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் போடாமல்.